தூக்கு கேட்கும் மனுவில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நாங்கள் போரூர் பக்கம் வசிக்கிறோம். 2017-ல் முகலிவாக்கத்தில் ஏழு வயதுச் சிறுமி பாலியல் கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவரை, 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. ‘இப்படிப்பட்ட குற்றவாளிகளை ஆறே மாதத்தில் தூக்கிலிட வேண்டும்’ என்று எங்கள் குடியிருப்போர் சங்கம் முதலமைச்சருக்கு மனு அனுப்பப்போகிறது. சட்டம் படிக்கும் என் மகளோ மரண தண்டனையே கூடாது என்கிறாள். ‘கொலையிற் கொடியாரை’ என்ற குறளைச் சொன்னேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நான் கையெழுத்துப் போடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத தாய், சென்னை

பதில்: போட வேண்டாம், சகோதரி. மகள் சொல்கிறாள் என்பதற்காக அல்ல. உங்கள் கோபம் நியாயமானது. அது போய்ச் சேர வேண்டிய இடம் வேறு.

அந்த வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017 பிப்ரவரியில் குற்றம் நடந்தது. 2018 பிப்ரவரியில் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் தூக்கு விதித்தது. அந்த ஜூலையிலேயே சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இவ்வளவு விரைவா என்று ஊரே மெச்சியது. கோளாறும் அந்த அவசரத்தில்தான் இருந்தது. தற்காப்புக்கு உரிய வாய்ப்புத் தரப்படவில்லை, குற்றவாளி என்று அறிவித்த நாளிலேயே தண்டனையும் விதிக்கப்பட்டது, கண்காணிப்புக் கேமரா சாட்சியம் நிரூபிக்கப்படவில்லை என்றெல்லாம் உச்ச நீதிமன்றம் குறை கண்டது. சட்டத்தின் கண்ணில் அவர் இன்று நிரபராதி. அப்படியானால் அந்தக் குழந்தையைக் கொன்றவன் யார்? ஆறு மாதத்தில் தூக்கிலிட்டிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. புலனாய்வு செய்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டோம்.

ஏதோ ஒரு வழக்கில் நேர்ந்த பிசகு என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. மகாராஷ்டிரத்தில் 2003-ல் நடந்த ஒரு கொலை வழக்கில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேர் சிக்கினார்கள். அவர்களில் மூவருக்கு உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அந்த மூவரையும் சேர்த்து ஆறு பேருக்கும் தூக்கு என்றது. பத்து வருடம் கழித்து, 2019-ல், அதே உச்ச நீதிமன்றம் மறு ஆய்வில் ஆறு பேரையும் விடுவித்தது. ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. உயிரோடு இருந்ததால் வாங்கிக்கொள்ள ஆள் இருந்தார்கள்.

குறளைச் சொன்னதற்காக உங்கள் மகள் சிரித்திருக்க வேண்டியதில்லை. கொடியவரை அரசன் ஒறுப்பது களை பிடுங்குவதற்கு ஒப்பானது என்றுதான் வள்ளுவர் சொல்கிறார். அதை மழுப்பி வேறு பொருள் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் களை பிடுங்கப் போகிறவருக்குப் பயிர் எது என்று தெரிந்திருக்க வேண்டுமே! நம் காவல் நிலையங்களையும் நீதிமன்றங்களையும் பார்த்த பிறகு அந்த நம்பிக்கை எனக்கு இல்லை.

இன்னொன்றும் உண்டு, ஒரு தாயாக நீங்கள் யோசிக்க வேண்டியது. குழந்தைகளிடம் அத்துமீறுபவர்கள் பெரும்பாலும் தெரிந்தவர்கள்: மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காப்பதற்கான போக்சோ சட்டத்தில் 2019-ல் மரண தண்டனை சேர்க்கப்பட்டது. ‘புகார் கொடுத்தால் உன் மாமாவைத் தூக்கில் போட்டுவிடுவார்கள்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் எத்தனை பெண் பிள்ளைகள் வாய் திறப்பார்கள்? கொன்றாலும் கொல்லாவிட்டாலும் தூக்குதான் என்று நினைப்பவன், சாட்சி சொல்லக்கூடிய குழந்தையை ஏன் உயிரோடு விட்டுவைப்பான்?

‘ஆயுள் தண்டனை என்றால் சில வருடத்தில் வெளியே வந்துவிடுவார்களே’ என்று உங்கள் சங்கத்தில் யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். தருமபுரியில் பஸ்ஸோடு மூன்று மாணவிகள் எரிந்துபோன வழக்கில் தூக்கு ஆயுளாகக் குறைந்த மூவர், 2018-ல் அரசின் தயவில் வீட்டுக்கே போனார்கள். எனக்கும் இன்னும் ஆறவில்லை. அதற்கும் வழி இருக்கிறது. தண்டனைக் குறைப்பே இல்லாமல் இத்தனை வருடம், அல்லது சாகும்வரை, சிறை என்று விதிக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2008-லிருந்தே ஏற்றிருக்கிறது.

மகளோடு சண்டை வேண்டாம். அந்த விடுதலைத் தீர்ப்பை இருவரும் சேர்ந்து படியுங்கள். பிறகு அவளிடம் ஒன்று கேளுங்கள்: அந்தச் சிறுமியின் பெற்றோரிடம் நீ என்ன சொல்வாய்? மரண தண்டனை வேண்டாம் என்பவர்கள் (நானும்தான்) அந்தக் கேள்வியிலிருந்து நழுவிவிடக் கூடாது.

மனுவை முழுதாக மறுக்கவும் வேண்டாம். தூக்கு பற்றிய வரியை அடித்துவிட்டு, முகலிவாக்கம் வழக்கின் புலனாய்வில் நடந்த தவறுகளுக்கு யார் பொறுப்பு என்று அரசு விசாரிக்க வேண்டும், தடயவியல் ஆய்வகங்களுக்குப் போதிய ஆட்கள் வேண்டும், குழந்தையை இழந்த குடும்பத்துக்கு உரிய உதவி வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். சங்கத் தலைவர் ஒத்துக்கொண்டால் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் தனியாக எழுதி அனுப்புங்கள். எழுதித் தர வீட்டிலேயே ஒரு சட்ட மாணவி இருக்கிறாள்.