பெரிய ஸ்பீக்கர் வேண்டாம், சின்னதாக இன்னும் இரண்டு போதும்

கேள்வி: எங்கள் வீட்டில் ஹால், சாப்பிடும் இடம், சமையலறை மூன்றும் குறுக்குச் சுவரே இல்லாத ஒரே இடம். நீளம் 11 மீட்டர், அகலம் 4 மீட்டர். ஹால் முனையில் ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரும் உள்ளன. சமையலறையில் பாட்டு கேட்கும் அளவுக்கு வைத்தால் ஹாலில் இருப்பவர்கள் கத்திப் பேச வேண்டியிருக்கிறது. பெரிய ஸ்பீக்கராக மாற்றலாமா? அல்லது இதே ஆம்பில் இன்னும் நாலு மாட்டலாமா?

பதில்: பெரிதாக மாற்றினால் தொல்லைதான் கூடும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். வீட்டுக்குள் சுவர் கொஞ்சம் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறையாது. ஆனாலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாட்டை எட்ட வைத்தால், பக்கத்தில் உட்கார்ந்தவர் பாடு திண்டாட்டம்தான். பேச்சுக்கு அடியில் ஓடவேண்டிய பாட்டுக்கு, எங்கே நின்றாலும் அருகில் ஒரு ஸ்பீக்கர் மெதுவாகப் பாடவேண்டும்.

அதற்கு நாலு தேவையில்லை. கூரை 3 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். உட்கார்ந்தவர் காது தரையிலிருந்து 1.2 மீட்டர். மீதி 1.8. சாதாரணக் கூரை ஸ்பீக்கர் 90 டிகிரிக்கு ஒலியை விரித்தால், காது மட்டத்தில் 3.6 மீட்டர் வட்டம் கிடைக்கும். கீச்சு ஒலிகள் ஓரத்தில் மங்கும் என்பதால் 3 மீட்டர் இடைவெளி வையுங்கள். சாப்பாட்டு மேசைக்கு மேல் ஒன்று, சமையலறையில் ஒன்று. ஹாலில் இருப்பவை அப்படியே இருக்கட்டும்.

இனி ஆம்ப். நீங்கள் நினைத்தபடி நாலையும் மாட்டியிருந்தால் சேனலுக்கு (இடது, வலது என ஒவ்வொரு பக்கத்துக்கும்) மூன்று ஸ்பீக்கர் பேரலலாக, அதாவது ஒரே முனைகளில் பக்கம் பக்கமாக, வரும். புதியவையும் 8 ஓம் என்றால், அது மூன்றில் ஒரு பங்காகி 2.7 ஓம் ஆகிவிடும். வீட்டு ஆம்புகள் பலவற்றுக்கு 4 ஓம்தான் கீழ் எல்லை. அதற்கும் குறைந்தால் ஆம்ப் சூடேறும், நடுவில் அணையும், மோசமானால் எரிந்தும் போகும். இரண்டு மட்டும் சேர்த்தால் சேனலுக்கு 4 ஓம். ஆம்பின் பின்புறம் அச்சிட்டிருப்பதைப் பார்த்து, அனுமதி இருந்தால் மாட்டலாம். என்னைக் கேட்டால், புதியவற்றுக்குத் தனியாக ஒரு சின்ன ஆம்ப் வாங்குவேன். பழைய ஆம்பில் ப்ரீ அவுட் (இன்னொரு ஆம்புக்குப் பாட்டைக் கொடுக்கும் துளை) இருந்தால் அங்கிருந்து இழுத்துக்கொள்ளலாம். ஹால் வால்யூமைத் திருப்பினால் இதுவும் கூடவே ஏறி இறங்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும் நேரத்தில் சமையலறைக்கு மட்டும் கூட்டிக்கொள்ளவும் வழி கிடைக்கும்.

வயர் 8 ஓமுக்கு, 15 மீட்டர் வரை 1.5 ஸ்கொயர் எம்.எம். தாராளம்.

சமையலறைக்கு மட்டும் ப்ளூடூத் ஸ்பீக்கர் வைத்தால் வயர் வேலை மிச்சமே என்று தோன்றலாம். வேண்டாம். ப்ளூடூத் பாட்டு 0.2 விநாடி வரை பிந்தி வரக்கூடும். ஒலி விநாடிக்கு 343 மீட்டர் ஓடுகிறது, அதாவது ஸ்பீக்கரைக் கிட்டத்தட்ட 70 மீட்டர் தள்ளி வைத்ததற்குச் சமம். தாளம் இரண்டு முறை விழும், பத்து நிமிடத்தில் தலை வலிக்கும். எல்லாம் வயரில் இருக்கட்டும், இல்லையென்றால் எல்லாம் ஒரே வைஃபை மல்டிரூம் அமைப்பில் இருக்கட்டும்.

பாட்டை மோனோவாக, அதாவது எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும்படி, வையுங்கள். ஸ்டீரியோவில் இடது ஸ்பீக்கரில் மட்டும் வரும் கிடார், அடுப்படியில் நிற்பவருக்குக் கேட்காமலே போகும். ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டிலும் அணுகல்தன்மை அமைப்புகளில் மோனோ ஆடியோ இருக்கிறது. ஆம்பின் இடது, வலது அவுட்புட்டுகளை முறுக்கி ஒன்றாக்கி மோனோ செய்ய மட்டும் முயலாதீர்கள்; ஆம்ப் கெட்டுவிடும்.

கூரையை மூடுவதற்கு முன் சிவப்பு, கறுப்பு முனைகளில் வயர் எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மாறினாலும் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் பேஸ் (கனத்த கீழ் ஒலி) வற்றிப்போகும். ஒருமுறை நானே மாற்றி மாட்டிவிட்டு, அரை நாள் ஆம்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.