பழைய நம்பருக்கு புள்ளி வைக்கணும், என்ன பண்றது?

கேள்வி: வணக்கம் சார், ஜவுளி மொத்தக்கடையில கணக்கு எழுதுறேன். பழைய பில்லிங் சாஃப்ட்வேர்ல இருந்து எக்செல்லுக்கு எடுத்த விலைப்பட்டியல் புள்ளியே இல்லாம பைசா கணக்குல வந்திருக்கு, 138.50 இருக்க வேண்டிய இடத்துல 13850ன்னு நிக்குது. ஆப்ஷன்ஸ்ல தானா புள்ளி வைக்கிற டிக் ஒண்ணு இருந்துச்சு, அதை போட்டேன். அதுக்கப்புறம் கீழ புதுசா அடிச்ச ஐட்டம் எல்லாம் சரியா வருது, மேல இருக்கிற 400 வரி மாறவே இல்ல. ஒவ்வொண்ணா திருத்தணுமா? இன்னொண்ணு, ஜிஎஸ்டி வர்ற காலம்ல (column) ரெண்டு தசமம்தான் தெரியுது, ஆனா டோட்டல் ஒரு பைசா இடிக்குது. ஏன் சார்?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஒவ்வொண்ணா திருத்தவே வேணாம்மா. நீங்க போட்ட அந்த டிக் இனிமே கையால அடிக்கிற நம்பருக்கு மட்டும்தான், ஏற்கெனவே செல்லுல உக்காந்திருக்கிற நம்பரை அது தொடாது. முதல்ல அதை எடுத்துடுங்க, ஏன்னா அது இந்த ஒரு ஃபைலோட நிக்காது, நாளைக்கு வேற ஃபைல்ல 250 பீஸ்னு அடிச்சா 2.5ன்னு விழும், அவசரத்துல யாரும் கவனிக்க மாட்டாங்க.

இப்போ ஃபைலை ஒரு காப்பி எடுத்து வச்சுட்டு, ஓரமா ஒரு காலி செல்லுல 100னு அடிச்சு அதை காப்பி பண்ணுங்க. பழைய விலை இருக்கிற 400 வரியை மட்டும் செலக்ட் பண்ணி கன்ட்ரோல், ஆல்ட், வி மூணையும் சேர்த்து அழுத்துனா பேஸ்ட் ஸ்பெஷல் திறக்கும், அதுல மேல வேல்யூஸ், கீழ டிவைட், ரெண்டையும் தேர்வு பண்ணி ஓகே குடுங்க, அவ்ளோதான், 13850 எல்லாம் 138.5 ஆயிடும், கடைசி சைபர் தெரியலன்னா ஃபார்மட்ல ரெண்டு தசமம் வச்சுக்கோங்க. முழு காலத்தையும் செலக்ட் பண்ணிடாதீங்க, கீழ நீங்க சரியா அடிச்சு வச்சதும் சேர்ந்து வகுபட்டு 138.50 போய் 1.385 ஆயிடும். நடுவுல காலி செல் இருந்தா அதுலயும் சைபர் வந்து உக்காரும், அதையும் பாத்துக்கோங்க. செல் மூலையில பச்சை முக்கோணம் தெரிஞ்சா அந்த நம்பர் எழுத்தா கிடக்குதுன்னு அர்த்தமா இருக்கலாம், பக்கத்துல வர்ற மஞ்சள் குறியை க்ளிக் பண்ணி, கன்வெர்ட் டு நம்பர்னு இருந்தா அதை குடுத்துட்டு அப்புறம் வகுங்க.

ஒரு பைசா விஷயத்துக்கு வர்றேன், எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம், ஏன்னா தசமத்தை குறைக்கிற பட்டனை அழுத்துனா நம்பரே மாறிடுச்சுன்னு நிறைய பேர் நம்பிடுறாங்க. மாறாதும்மா, கண்ணுக்கு தெரியுறது மட்டும்தான் குறையும். உங்க 138.50க்கு சிஜிஎஸ்டி 2.5 சதவீதம் போட்டா 3.4625 வரும், செல்லுல 3.46ன்னு காட்டும், உள்ள 3.4625 அப்படியே இருக்கும். இதே மாதிரி மூணு ஐட்டம் இருந்தா எக்செல் கூட்டுறது 10.3875, அதை 10.39ன்னு காட்டும். பில்லை கையில வச்சு 3.46ஐ மூணு தடவை கூட்டுற வாடிக்கையாளருக்கு 10.38தான் வரும், அவர் கேக்குறதும் நியாயம்தானே.

அதனால வரி கணக்கு போடுற செல்லுலயே ரவுண்ட் ஃபார்முலா போடுங்க, பிராக்கெட்டுக்குள்ள விலையை வரி சதவீதத்தால பெருக்குற கணக்கு, அப்புறம் ஒரு கமா, அப்புறம் 2. இப்போ உள்ள இருக்கிறதும் 3.46, தெரியுறதும் 3.46, டோட்டலும் 10.38. அந்த 2க்கு பதிலா 0 போட்டா முழு ரூபாய்க்கு வந்துடும்.

ஆப்ஷன்ஸ்லயே, தெரியுற மாதிரியே மதிப்பையும் மாத்துன்னு ஒரு டிக் இருக்கு, செட் பிரிசிஷன் ஆஸ் டிஸ்ப்ளேட்னு பேரு, யாராவது சுலபம்னு சொன்னாலும் அந்தப் பக்கம் போகாதீங்க. அது அந்த ஃபைல்ல இருக்கிற எல்லா ஷீட்டையும் ஒரே அடியா வெட்டிடும், வெட்டுன தசமம் டிக்கை எடுத்தாலும் திரும்பி வராது.