பப்ஸ் காசு சனிக்கிழமையே கைமாற வேண்டும்

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். இருவருக்கும் வாரச் சம்பளம். பையன் ஆறாம் வகுப்பு, பாப்பாவுக்கு ஏழு வயது. நாலரைக்குப் பள்ளி விட்டு வந்ததும் பசி என்பார்கள். ஒன்றரை ஷிப்ட் முடிந்து நான் வர எட்டரை ஆகிவிடும். மாமியார் வீட்டில்தான் இருக்கிறார், முழங்கால் வலியால் அடுப்படியில் நிற்க முடியாது. அதனால் தினமும் 80 ரூபாய் வைத்துவிட்டுப் போகிறேன். பிள்ளைகள் முக்கு பேக்கரியில் பப்ஸ், தேங்காய் பன், ஜூஸ் என்று வாங்கிக்கொள்கிறார்கள். வீட்டிலேயே ஏதாவது செய்து வைத்து, மாதம் மிச்சமாகும் 2,000 ரூபாயை எங்கள் லைன் வீட்டு அக்கா நடத்தும் பலகாரச் சீட்டில் போடலாமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: 2,000 மிச்சமாகாதுங்க. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 80 ரூபாய் வீதம் 24 நாளைக்கு 1,920 போகிறது, சரி. ஆனால் வீட்டில் செய்வதற்கும் கடலை, சர்க்கரை, கேஸ் வேண்டுமே. இரண்டு பிள்ளைகளுக்கு நாளுக்கு 30 ரூபாய் என்று வையுங்கள். வாரத்தில் ஒரு நாள் பேக்கரியும் இருக்கட்டும். அடியோடு நிறுத்தினால் இரண்டாவது வாரமே பாட்டியிடம் காசு கேட்டு நச்சரிப்பார்கள், அவரும் சுருக்குப் பையை அவிழ்த்துவிடுவார். ஆக 20 நாளைக்கு 600, பேக்கரிக்கு 320. மொத்தம் 920. மிச்சம் 1,000 ரூபாய், அதாவது வாரத்துக்கு 250. இதுதான் நிஜமான தொகை.

இந்த 1,000 நிற்பதும் போவதும் நாலரை மணிக்கு டப்பாவில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. டப்பா காலி என்றால் பேக்கரிதான். அதனால் அடுப்பே பற்ற வைக்காமல் மாமியார் உட்கார்ந்தபடி எடுத்துக் கொடுக்கிற பண்டமாகப் பாருங்கள்.

என் ஓட்டு கடலை உருண்டைக்கு. பாகு காய்ச்ச வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை கிலோ கடலையை இரும்புச் சட்டியில் சிறு தீயில் வறுங்கள். தோல் வெடித்துப் படபடவென்று சத்தம் வரும்போது இறக்கி, ஆறியதும் தேய்த்து முறத்தில் புடைத்தால் தோல் போய்விடும். கால் கிலோ நாட்டுச் சர்க்கரை சேர்த்து மிக்சியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் கூழாகிவிடும். கடலையில் இருக்கும் எண்ணெயே கசிந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும். பிடிப்பதை மாமியார் உட்கார்ந்தே செய்யலாம். சிறு எலுமிச்சை அளவில் முப்பது வரும். கடலைக்கு 75, சர்க்கரைக்கு 15 என்று வைத்தாலும் ஒன்று மூன்று ரூபாய்தான். ஆளுக்கு இரண்டு கொடுத்தால் 12 ரூபாய். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை கிடைக்கிற ஊர்ப்பக்கம் இருந்துகொண்டு, கலர் போட்ட கிரீம் கேக்குக்கு 25 ரூபாய் கொடுக்கிறோம் என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான்.

மற்ற நாளைக்குப் பொரி. பொட்டுக்கடலை, பொடியாக அரிந்த வெங்காயம், துருவிய கேரட், உப்பு, மிளகாய்த்தூள், ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய். கரூர் கரம் என்கிற காரப் பலகாரம் தின்று பழகிய நாக்கு என்றால் பீட்ரூட்டும் துருவிப் போட்டு எலுமிச்சை பிழியலாம். சாப்பிடும் நேரத்தில்தான் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் நமுத்துவிடும். மெல்லிசு அவலைத் தண்ணீரில் அலசி வடித்து, சர்க்கரையும் தேங்காய்ப் பூவும் போட்டால் அது ஒரு நாளைக்கு ஆச்சு. காலையில் சோறு வைக்கும்போதே பக்கத்து அடுப்பில் தட்டப்பயிறு வேக வைத்துவிடலாம். அதில் உப்பு மட்டும் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். தேங்காய் சேர்த்து வெளியே வைத்தால் நம்மூர் வெயிலுக்குச் சாயங்காலத்துக்குள் ஊசிப்போகும். வேக வைத்த முட்டையும் சரிதான். நாமக்கல்லை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு முட்டையை மறக்கலாமா?

ஒரு எச்சரிக்கை. மலிவு என்று மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். நான் ஒருமுறை ஐந்து கிலோ கம்பு மாவு அரைத்து வைத்து, பாதிக்கு மேல் பூச்சி விழுந்து கோழிக்குப் போட்டேன். இரண்டு வாரத்துக்கு வேண்டியது மட்டும் போதும்.

இப்போது பலகாரச் சீட்டு. வேண்டாம். அந்த அக்கா நல்லவராகவே இருக்கலாம், அவரைச் சொல்லவில்லை. வாராவாரம் கட்டி, தீபாவளிக்கு எண்ணெய், மாவு, ஒரு பாத்திரம் என்று வாங்குகிறீர்கள். வட்டி என்று ஒன்றும் கிடையாது, பதிவும் கிடையாது. என் அம்மா கட்டிய சீட்டில் தீபாவளிக்கு முந்தின வாரம் போய்ப் பார்த்தால் வீடு பூட்டிக் கிடந்தது. நோட்டில் போட்ட கையெழுத்தை வைத்துக்கொண்டு எங்கே போய்க் கேட்பது?

அஞ்சலகத்தில் மாதாமாதம் கட்டும் ஐந்து வருடத் தொடர் வைப்பு (ஆர்.டி.) போடுங்கள், மாதம் 800 ரூபாய்க்கு. ஏன் 1,000 இல்லை என்றால், ஏப்ரல், மே மாதம் பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில் இருப்பார்கள், அப்போது மிச்சம் குறையும். இதை எழுதும்போது வட்டி 6.7 விழுக்காடு. கணக்கு தொடங்கும் நாளில் இருக்கும் வட்டிதான் ஐந்து வருடத்துக்கும். மொத்தம் 48,000 கட்டினால் சுமார் 57,000 கைக்கு வரும். அப்போது பையன் பதினொன்றாம் வகுப்பில் இருப்பான், செலவும் அங்கேதான் காத்திருக்கிறது. தவணை தவறினால் மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம். கணக்கை 16ஆம் தேதிக்குப் பிறகு தொடங்குங்கள். அப்படித் தொடங்கினால் மாதக் கடைசி வேலை நாள் வரை கட்ட அவகாசம் உண்டு, அதற்குள் மூன்று நான்கு சம்பளம் வந்திருக்கும்.

ஆனால் மாதக் கடைசியில் மிஞ்சுவதைக் கட்டலாம் என்று இருந்தால் ஒன்றும் மிஞ்சாது. சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரித்ததும் 250 ரூபாயைத் தனியாக எடுத்து, மாமியார் கையில் கொடுத்து வையுங்கள். பலகாரம் காப்பவரே பணத்தையும் காக்கட்டும். பிடித்த உருண்டைக்கு அவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது அல்லவா?

பாப்பாவுக்குச் செல்வமகள் கணக்கு, அதாவது பெண் குழந்தைகளுக்கான அரசுச் சேமிப்புக் கணக்கு. பத்து வயது முடிவதற்குள் திறந்துவிட வேண்டும், உங்களுக்கு மூன்று வருடம்கூட இல்லை. வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் போட்டால் கணக்கு உயிரோடு இருக்கும். இப்போதைக்கு 8.2 விழுக்காடு வட்டி, இது காலாண்டுக்கு ஒருமுறை மாறலாம். மாதாமாதம் கட்டாயம் இல்லை என்பதால் தீபாவளி போனஸில் ஒரு பங்கும், ஆர்.டி. போக நிற்கும் சில்லறையும் அதில் போடலாம். ஆனால் அவசரத்துக்கு எடுக்க முடியாது. பத்தாம் வகுப்பு முடித்த பிறகோ 18 வயதிலோதான் படிப்புக்கென்று பாதி வரை எடுக்க விடுவார்கள். அதனால்தான் முழுவதையும் அங்கே போடச் சொல்லவில்லை.

பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், பான் அட்டை, போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு இரண்டு கணக்கையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அஞ்சலகம் கிடையாது, அரை நாள் லீவு போட வேண்டியிருக்கும். அதற்குப் பிடிக்கும் கூலியையும் முதல் மாதச் செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.