யோகா மேட்டைச் சுருட்டிய பிறகு

(இருபத்தோரு வருடங்களாக யோகா சொல்லிக் கொடுக்கும் ஆசிரியை, தன் வேலை, வீடு, பயணம் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு எழுதிய பதில்கள்.)

கேள்வி: தினமும் நான்கு வகுப்பு எடுக்கிறீர்கள். அதற்கு மேல் தனியாகப் பயிற்சி செய்யத் தேவையே இருக்காது, இல்லையா?

இருக்கிறது. இது எனக்குப் புரிய ஆறு வருடம் ஆயிற்று.

வகுப்பில் நான் செய்வது எனக்கான பயிற்சி இல்லை. மாணவர்களுக்கு எதிரே நின்று “வலது கையைத் தூக்குங்கள்” என்று சொல்லும்போது என் இடது கையைத் தூக்குவேன். கண்ணாடியில் பார்ப்பதுபோல் அவர்களுக்குத் தெரிய வேண்டுமே. வாய் பேசிக்கொண்டிருக்கும்; கண் மூன்றாவது வரிசையில் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பவரைப் பார்க்கும். பேசிக்கொண்டே இருந்தால் மூச்சு எப்படி நிதானப்படும்? எந்தப் பக்கம் திரும்பி நின்றால் எல்லோருக்கும் தெரியுமோ, அந்தப் பக்கமாகவே திரிகோணாசனம் (காலை அகட்டி நின்று பக்கவாட்டில் சாய்வது) செய்து காட்டுவேன். வருடக்கணக்கில் ஒரே பக்கம்.

இதைவிட மோசம், உடம்பு சூடாகாமல் செய்து காட்டுவது. பத்து நிமிடம் மற்றவர்களைத் திருத்திக்கொண்டு நின்றுவிட்டு, யாரோ கேட்டார்கள் என்று சட்டென்று உட்கார்ந்து பத்மாசனம் போடுவேன். இடுப்பு மூட்டு திரும்பாவிட்டால் அந்தத் திருகல் முழுவதும் முழங்காலுக்குப் போய்விடும். முதலில் கவனித்தது என் மகள். “அம்மா, ஏன் படியில பக்கவாட்டா இறங்குற?” என்றாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் முழங்காலின் உள்பக்க ஜவ்வு பாதித்திருந்தது. எட்டு மாதம் பத்மாசனத்தின் பக்கமே போகவில்லை.

அதன் பிறகு பழக்கத்தை மாற்றினேன். நாலரைக்கு எழுந்திருக்கிறேன். ஆறு மணி வகுப்புக்கு முன்னால் முக்கால் மணி நேரம் எனக்கு. பேச்சு கிடையாது, போன் கிடையாது. எந்தப் பக்கம் இறுகியிருக்கிறதோ அங்கிருந்து தொடங்குவேன். வகுப்பில் செய்து காட்ட, உடம்பு தயாராக இருக்கும் ஒரு மாணவியை முன்னால் அழைக்கிறேன். நான் சுற்றி நடந்து பார்க்கிறேன். முன்பு என் கண்ணில் படாத எத்தனையோ விஷயங்கள் இப்போது படுகின்றன.

கேள்வி: உங்கள் வீட்டில் எல்லோரும் யோகா செய்வார்களா?

இல்லை. கணவர் நடைப்பயிற்சியோடு சரி. மகள் பதின்மூன்று வயதில் வகுப்புக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். முதலில் வருத்தமாக இருந்தது. அப்போது தேசிகாச்சாரை நினைத்துக்கொள்வேன். இன்றைய யோகாவுக்கு வழிவகுத்த ஆசான்களில் ஒருவரான கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் அவர். வீட்டிலேயே அப்படி ஒரு ஆசான் இருந்தும், பொறியியல் படித்து முடித்த பிறகுதான் அப்பாவிடம் மாணவராகச் சேர்ந்தார். தூக்கம் வராமல் தவித்த ஒரு வெளிநாட்டுப் பெண், குணமான சந்தோஷத்தில் அப்பாவைக் கட்டிக்கொண்டதைப் பார்த்த பிறகே கற்றுக்கொள்ளும் ஆசை வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். வீட்டுப் பிள்ளைகளை நாம் இழுக்கக் கூடாது; அவர்கள் கண்ணில் படும்படி நாம் செய்துகொண்டிருந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

கேள்வி: உங்களுக்குக் கோபம் வருமா?

வரும். வீட்டில்தான் அதிகம் வரும். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கினால் மனம் அடங்கும். பதஞ்சலியும் தன் யோக சூத்திர நூலில், முதல் பாதத்தின் 34ஆவது சூத்திரத்தில் மூச்சை வெளியே விடுவதைப் பற்றிப் பேசுகிறார். ஆனால் இது கத்துவதற்கு முன்னால்தான் உதவும். கத்திய பிறகு மன்னிப்புக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. நான் கேட்டுவிடுவேன்.

கேள்வி: யோகாவுக்காகப் போன இடங்களில் எது மனதில் நிற்கிறது?

புனேயில் யோகா ஆசான் பி.கே.எஸ். அய்யங்காரின் நிறுவனம். மனைவி ரமாமணியின் பெயரில் அவர் எழுப்பிய அந்தக் கட்டடம் 1975இல் திறக்கப்பட்டது. சுவரில் கயிறுகள், மூலையில் மடித்து அடுக்கிய போர்வைகள், மர பெஞ்சுகள், பெல்ட்டுகள். சின்ன வயதில் காசநோய் வந்து மெலிந்து கிடந்தவர் அவர். முடியாத உடம்புக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்தவர் உருவாக்கிய இடம் என்பது உள்ளே நுழைந்ததும் புரியும்.

அங்கே சுவரோரமாக உட்கார்ந்து ஒரு வகுப்பைப் பார்த்தேன். வயதான ஓர் அம்மாளை சேதுபந்தத்தில், அதாவது உடம்பு பாலம்போல் வளையும் ஆசனத்தில், பெஞ்சின் மேல் கிடத்தியிருந்தார்கள். நெற்றி சுருங்கியே இருந்தது. உதவிக்கு நின்ற பெண் தலைக்கு அடியில் இருந்த போர்வையை எடுத்து, இன்னொரு மடிப்பு மடித்து வைத்தார். ஒரு விரல் உயரம்தான் கூடியிருக்கும். அந்த அம்மாளின் தாடை தளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் வயிறு மெதுவாக ஏறி இறங்கத் தொடங்கியது. ஒரு வார்த்தை பேசவில்லை யாரும். ஊர் திரும்பி முதல் வேலையாக என் வகுப்புக்குப் போர்வைகள் வாங்கினேன்.

மைசூருக்கும் போனேன். ஜகன்மோகன் அரண்மனையில்தான் 1930களில் கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை நடத்தினார். அய்யங்காரும், அஷ்டாங்க யோகாவைப் பரப்பிய பட்டாபி ஜோயிஸும் அவரிடம் படித்தவர்கள். இப்போது அங்கே ஓவியக் காட்சியகம் இருக்கிறது. படம் பார்க்க வந்த கூட்டத்துக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

கேள்வி: நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு என்ன ஆசனம் செய்யலாம்?

அன்றைக்குத் தலைகீழ் நிற்பது, முதுகை வளைப்பது எதுவும் வேண்டாம். விமானத்திலேயே மணிக்கு ஒருமுறை கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள். கெண்டைச் சதை சுருங்கி விரிந்தால்தான் காலில் தேங்கும் ரத்தம் மேலே ஏறும். முடிந்தபோது எழுந்து நடங்கள். அறைக்குப் போனதும் மல்லாந்து படுத்து, சுவரில் காலை மேலே சாய்த்து வைக்கும் விபரீத கரணி, பத்து நிமிடம். ரத்த அழுத்தமோ கண் அழுத்தமோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: 200 மணி நேர யோகா ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டேன். உடனே வகுப்பு ஆரம்பிக்கலாமா?

முதலில் ஒரு வருடம் யாருக்காவது உதவியாளராக இருங்கள். ஆசனம் தெரிவது வேறு, அடுத்தவர் உடம்பைப் பார்க்கத் தெரிவது வேறு.

கேள்வி: பயிலரங்குகளுக்காக அடிக்கடி வெளியூர் போகிறீர்கள். வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் வேறொரு நாட்டில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தபோது குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. நான் வந்து சேர்வதற்குள் அறுவை சிகிச்சையே முடிந்துவிட்டது. இத்தனை பேருக்கு நிற்கவும் நடக்கவும் சொல்லிக் கொடுக்கிறேன், அம்மா விழுந்தபோது பக்கத்தில் இல்லையே என்ற எண்ணம் இன்னும் போகவில்லை.

அம்மா கட்டிலில் படுத்தபடி, “இனி எனக்கு என்ன யோகா” என்றார். கிருஷ்ணமாச்சாரியார் தொண்ணூற்றாறு வயதில் இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது, படுக்கையிலேயே செய்யும்படி தனக்கொரு பயிற்சியை அமைத்துக்கொண்டார் என்று சொன்னேன். பதில் பேசவில்லை. மறுநாள் காலையில், “அவர் என்ன செஞ்சாராம்?” என்று கேட்டார்.

மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் சரி என்று சொன்னதை மட்டும் வைத்துத் தொடங்கினோம். மூச்சை இழுக்கும்போது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோவது, விடும்போது இறக்குவது. முதல் வாரம் நான்கு தடவை. இப்போது நாற்காலியில் உட்கார்ந்து பன்னிரண்டு.

நான் எங்கே இருந்தாலும் அம்மாவின் மாலை ஐந்து மணிக்கு வீடியோ காலில் வருவேன். சில ஊர்களில் எனக்கு அது நடுராத்திரி. மகள் போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு, பாட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து எண்ணுவாள். போன மாதம் பார்த்தேன், எண்ணிக்கொண்டே அவளும் கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.