பத்தாம் வகுப்புப் பெண்ணுக்குத் தொழில் பழக்கலாமா? டொரண்டோ ஸ்கார்பரோவிலிருந்து ஒரு பதில்

தம்பி,

ஜனவரியில்தான் டொரண்டோ வந்து இறங்கியிருக்கிறீர்கள். மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பில் சேர்த்தாயிற்று. குளிருக்கும் புதுப் பள்ளிக்கும் பழகும் முன்பே, "நான் குரோஷே பை பின்னி விற்கப் போகிறேன், பள்ளிக்கு வெளியே அதற்குப் பயிற்சி தருகிறார்களாம், சேர்த்துவிடுங்கள்" என்று கேட்கிறாள். இது படிப்பைக் கெடுக்குமா, காசு பிடுங்கும் வேலையா, எங்கே சேர்ப்பது என்று மூன்று கேள்வி கேட்டிருந்தீர்கள்.

சேர்த்துவிடுங்கள். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், இதில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது கொஞ்சம் இருக்கிறது.

விருதுநகரில் தெப்பக்குளம் பக்கம் என் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பள்ளி விட்டு வந்ததும் நான் போய் உட்காரும் இடம் அந்தக் கடைப் பலகைதான். நோட்டில் பெயர், வண்டி எண், எடுத்த நேரம், விட்ட நேரம் எழுத வேண்டும். மணிக்கு ஒரு ரூபாய். ஒரு மணி நேரத்துக்கு மேல் பத்து நிமிடம் ஆனாலும் அடுத்த அரை மணிக்குக் காசு வாங்கச் சொல்லியிருந்தார் அப்பா. என்னைவிட இருபது வயது பெரியவரிடம், "அண்ணே, இன்னும் ஐம்பது காசு வரணும்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு ஆறு மாதம் ஆனது. யாரும் எனக்குப் பாடமாக நடத்தவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததால் வந்தது.

இங்கே என் பெரிய மகள் வளர்ந்த வீட்டில் கல்லா கிடையாது. எனக்கும் என் மனைவிக்கும் சம்பளம் மாதம் இரண்டு முறை வங்கியில் வந்து விழும். மாமா கடை, சித்தப்பா மில் என்று விடுமுறைக்குப் போய் உட்காரவும் இடமில்லை. காசு எங்கிருந்து வருகிறது, ஒரு பொருளுக்கு ஏன் அந்த விலை, ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வது என்று அவள் பார்க்கவே வழியில்லாமல் இருந்தது. இந்தப் பயிற்சிகளை நான் கடைப் பலகைக்குப் பதிலாகத்தான் பார்க்கிறேன். உங்கள் வீட்டிலும் இதே நிலைதான் என்று நினைக்கிறேன்.

முதலில் நான் தவறான இடத்தில் சேர்த்தேன். 'இளம் தொழில்முனைவோர் முகாம்' என்று ஒரு தனியார் நிறுவனம், ஒரு வாரத்துக்கு 600 டாலர் கட்டினேன். நான்கு நாள் ஸ்லைடு காட்டினார்கள், ஐந்தாம் நாள் பிள்ளைகள் மேடையேறி ஆளுக்கு மூன்று நிமிடம் தங்கள் 'ஐடியா'வைச் சொன்னார்கள், எல்லோருக்கும் சான்றிதழ். அந்த வாரம் முழுக்க என் மகள் ஒரு வெளியாளிடம்கூட ஒரு டாலருக்கு எதையும் விற்கவில்லை. அதனால் எந்த வகுப்பு விளம்பரம் வந்தாலும் இப்போது நான் ஒன்றைத்தான் கேட்பேன்: பிள்ளை நிஜமாகவே விற்குமா? இல்லை என்றால் பணத்தைக் கட்டாதீர்கள்.

நல்லதும் இருக்கிறது, அதுவும் இலவசமாகவே. ஜூனியர் அச்சீவ்மென்ட் என்ற அமைப்பைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், சுருக்கமாக ஜே.ஏ. என்பார்கள். 1919-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் ஸ்ப்ரிங்ஃபீல்டில், பள்ளி நேரத்துக்கு வெளியே பிள்ளைகள் சின்னக் கம்பெனி நடத்திப் பழகும் சங்கமாகத் தொடங்கியது. கனடாவுக்கு 1955-இல் வந்தது. அவர்களுடைய 'கம்பெனி புரோகிராம்' உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. வாரம் ஒரு மாலை கூடுவார்கள். தலைவர், கணக்கு, விற்பனை, தயாரிப்பு என்று தங்களுக்குள் பொறுப்புகளைப் பிரித்துக்கொள்வார்கள். பங்கு விற்று மூலதனம் திரட்டி, ஒரு பொருளைச் செய்து விற்று, கடைசியில் கம்பெனியைக் கலைத்து, பங்கு வாங்கியவர்களுக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். வங்கியிலும் கம்பெனிகளிலும் வேலை பார்ப்பவர்கள் தன்னார்வலர்களாக வந்து கூட இருப்பார்கள்.

என் மகள் பத்தாம் வகுப்பில் அதில் சேர்ந்தாள். அவள் குழு தேன்மெழுகுத் துணி செய்தது, சாப்பாட்டைப் பிளாஸ்டிக்கில் சுற்றாமல் இதில் சுற்றி வைக்கலாம். பங்கு ஐந்து டாலர், நான் இரண்டு பங்கு வாங்கினேன். வசந்தத்தில் கம்பெனியைக் கலைத்தபோது என் 10 டாலருக்கு 7 டாலர் 40 சென்ட் திரும்பி வந்தது. கூடவே ஒரு பக்க அறிக்கை. கிறிஸ்துமஸுக்கு முன் மக்கள் வாங்கும் நேரத்தில் நாங்கள் இன்னும் லேபிள் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், ஜனவரியில் 60 துணி கையில் தங்கிவிட்டது என்று அவளே எழுதியிருந்தாள். அந்தக் கவரை என்னிடம் நீட்டும்போது அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. சொந்த அப்பாவின் 2 டாலர் 60 சென்ட் போனதற்கு அவ்வளவு வெட்கம். அந்தக் கவர் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

அடுத்த வருடம், 2018 கோடையில், ஒன்ராறியோ மாகாண அரசின் 'சம்மர் கம்பெனி' திட்டத்தில் விண்ணப்பித்தாள். உங்கள் மகளுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதைத்தான். வயது 15 முதல் 29 வரை, கோடை முடிந்து மறுபடி படிப்புக்குத் திரும்புபவர்களாக இருக்க வேண்டும், குடியுரிமையோ பி.ஆரோ (நிரந்தர வசிப்புரிமை) வேண்டும். நீங்கள் பி.ஆரில் வந்திருப்பதால் சிக்கல் இல்லை. அரசு 3,000 டாலர் வரை தரும், அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. முதல் 1,500 வரை தொழில் தொடங்கும் செலவுக்கு. மீதி, கோடை முழுக்க ஒழுங்காக நடத்தி முடித்துக் கணக்குக் காட்டினால். பள்ளிப் பிள்ளைகள் எட்டு வாரம், வாரம் 35 மணி நேரம் தொழிலில் நிற்க வேண்டும், நடுவில் பயிற்சியும் வழிகாட்டியுடன் சந்திப்புகளும் உண்டு. டொரண்டோவில் நகராட்சியின் சிறுதொழில் பிரிவும், பக்கத்து ஊரான மார்க்கமில் அங்குள்ள சிறுதொழில் மையமும் நடத்துகின்றன. இடம் குறைவு, விண்ணப்பங்களைக் கோடைக்கு வெகு முன்பே முடித்துவிடுவார்கள், அதனால் இந்த வாரமே போன் போட்டுக் கேளுங்கள். இன்னும் நல்லது, மகளையே போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

என் மகள் எடுத்த தொழில் சைக்கிள் பழுது பார்ப்பது. தாத்தா கடையை அவள் பார்த்ததே இல்லை. யூடியூப் பார்த்தும் தெருவில் யாரோ தூக்கிப் போட்ட ஒரு பழைய சைக்கிளைக் கழற்றிப் பூட்டியும் கற்றுக்கொண்டது. வாடிக்கையாளர் வீட்டு டிரைவ்வேக்கே போய்ச் செய்வாள். ஓவராயில் 35 டாலர், பஞ்சர் 15 டாலர். ஊரில் நாம் வீல் பெண்டு எடுப்பது என்போமே, அதையும் 35-க்குள்ளேயே சேர்த்திருந்தாள். அது தப்பு என்று மூன்றாம் வாரம் புரிந்தது, ஒரு சக்கரத்துக்கே ஒரு மணி நேரம் போய்விடுகிறது.

தொடக்கத்தில் அமோகமாகப் போனது. இரண்டு வாரத்தில் பதினொரு சைக்கிள். நான்தான் அலுவலகத்திலும் கோயிலிலும் நண்பர்களிடம் சொல்லி வைத்திருந்தேன். அப்புறம் வழிகாட்டியுடன் முதல் சந்திப்பு. சொந்தமாக அச்சகம் நடத்தி ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி. என் மகள் பெருமையாக நீட்டிய பட்டியலைப் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாராம்: "இதில் உன் அப்பாவைத் தெரியாதவர்கள் எத்தனை பேர்?"

ஒருவரும் இல்லை.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னவள், "இனி யாரிடமும் சொல்லாதீங்கப்பா" என்றாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பிள்ளைக்கு உதவுவது அப்பாவின் வேலை இல்லையா என்று மனைவியிடம் கேட்டேன். ஆனால் நண்பர்கள் எனக்காகத்தான் காசு கொடுத்திருக்கிறார்கள். அந்த 35 டாலர் அவள் வேலைக்கு வந்த விலையா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அடுத்த பத்து நாள் அவள் தெருத் தெருவாகக் கதவு தட்டினாள். நூலகப் பலகையில், கீழே போன் எண்ணைக் கிழித்துக்கொள்ளும்படி வெட்டிவிட்ட தாள் ஒட்டினாள். ஒரு நாள் மாலை 26 வீடு ஏறி, ஒரு பஞ்சர் மட்டும் கிடைத்தது. அன்று இரவு சாப்பிடாமல் படுத்துவிட்டாள். மறுநாள், சைக்கிள் வெளியே தெரியும் வீட்டை மட்டும் தட்டுவது என்று முடிவு செய்து கிளம்பினாள். அந்த யோசனையை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஜூலைக் கடைசியில் ஒரு போன். காலையில் சைக்கிளில் வேலைக்குப் போகும் ஒரு நர்ஸ். முன் பிரேக் கேபிள் நழுவி, சிக்னலில் கால் ஊன்றித்தான் நின்றிருக்கிறார். அடி ஒன்றும் இல்லை. கேபிளைப் பிடித்திருக்கும் நட்டை இவள் முழுதாக முறுக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. நான் வந்து பேசுகிறேன் என்றேன். "வேண்டாம்பா, நான் முறுக்காமல் விட்டது" என்று சொல்லிவிட்டுக் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். கேபிளைச் சரிசெய்து, 35 டாலரையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்று முதல் பன்னிரண்டு வரிச் சரிபார்ப்புத் தாள் ஒன்றை ஒவ்வொரு சைக்கிளிலும் கட்டி, கையெழுத்துப் போட்டுத்தான் ஒப்படைப்பாள். அந்த நர்ஸ் பக்கத்து வீட்டு இரண்டு சைக்கிளையும் ஆகஸ்டில் அனுப்பி வைத்தார்.

காசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள். கருவிகள், ஸ்டாண்டு, பின்னால் இழுத்துப் போகும் சின்ன வண்டி எல்லாம் முதல் 1,500-இல் முடிந்தது. எட்டு வாரத்தில் உதிரிப் பாகச் செலவு போக 2,045 டாலர். கடைசித் தவணை 1,500 சேர்த்து 3,545. அதே கோடையில் அவள் தோழி ஒரு டோனட் கடையில் அதே 280 மணி நேரம், அப்போதைய மாணவர் குறைந்தபட்சக் கூலியான 13.15 டாலருக்கு வேலை பார்த்தாள். அவளுக்கு 3,682. ஆக, தோழிக்கு 137 டாலர் அதிகம், அலைச்சலும் இல்லை. வருமானத்துக்காக என்றால் கடை வேலைக்கே அனுப்பலாம், அதிலும் குறை ஒன்றும் இல்லை. அங்கே விலையை இன்னொருவர் வைத்திருப்பார், வாடிக்கையாளரையும் இன்னொருவர் பிடித்து வைத்திருப்பார். அந்த இரண்டையும் பிள்ளை பழக வேண்டும் என்றால் இதுதான் வழி.

படிப்பு கெடுமா? சம்மர் கம்பெனி கோடை விடுமுறைக்குள் முடிந்துவிடும். ஜே.ஏ. வாரத்துக்கு ஒரு மாலை, கணித டியூஷன் எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிடக் குறைவு. வாட்டர்லூ போன்ற பல்கலைக்கழகங்கள் சேர்க்கையில் பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய் என்று கேட்கத்தான் செய்கின்றன, ஆனால் தயவுசெய்து அதற்காகச் சேர்க்காதீர்கள். அதற்காக வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மழை வந்த நாளில் அவர்கள் வரமாட்டார்கள். இன்னொன்று, இங்கே உயர்நிலைப் பள்ளிப் பட்டயத்துக்கு வேண்டிய 40 மணி நேரச் சமூக சேவையில் காசு வாங்கும் வேலை சேராது. அதைத் தனியாக முடிக்க வேண்டும்.

சட்டப் பக்கம் பயப்பட ஒன்றும் இல்லை. சொந்தப் பெயரிலேயே விற்றால் பெயர் பதிவு தேவையில்லை. கடைக்கு வேறு பெயர் வைத்தால் இணையத்தில் 60 டாலர், ஐந்து வருடத்துக்குச் செல்லும். விற்பனை நான்கு காலாண்டுகளில் 30,000 டாலரைத் தாண்டாதவரை எச்.எஸ்.டி. என்ற விற்பனை வரியை வசூலிக்க வேண்டாம். வருமானத்தை மட்டும் வரிக் கணக்கில் காட்டச் சொல்லுங்கள். வரி வராவிட்டாலும் அந்தப் படிவத்தை அவள் கையால் ஒரு முறை நிரப்பட்டும்.

சரி, குரோஷே பைக்கு வருவோம். ஒரு பை பின்ன அவளுக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது? ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம், நூல் 12 டாலர். 30 டாலருக்கு விற்றால் மணிக்கு 4 டாலருக்கும் குறைவு. அந்தக் கணக்கை நீங்கள் போட்டுக் காட்டிவிடாதீர்கள். கடிகாரம் வைத்து ஒரு பை பின்னி முடிக்கச் சொல்லுங்கள், அவளே போடுவாள். பிறகு விலையை ஏற்றலாம், சின்னப் பையாக மாற்றலாம், பின்னக் கற்றுக்கொடுப்பதையே தொழிலாக்கலாம். எது என்று அவள் முடிவு செய்யட்டும்.

அவளுடைய ஆங்கிலம் இன்னும் தடுமாறுகிறது, கேலி செய்வார்களோ என்று எழுதியிருந்தீர்கள். என் மகள் கதவு தட்டிய தெருவில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் இரண்டாவது மொழிதான். ஒரு சீனப் பாட்டியும் இவளும் விரலைக் காட்டியே விலை பேசி முடித்திருக்கிறார்கள். ஸ்கார்பரோ அதற்கு நல்ல இடம்.

என் மனைவிக்கும் ஒரு பை வேண்டுமாம். உங்களிடம் சொல்லி வாங்கமாட்டோம், மகளே வந்து விலை சொல்லட்டும். ஆனால் நாங்கள் நான்காவது ஆள்தான். அதற்கு முன் உங்களைத் தெரியாத மூன்று பேரிடம் விற்றுவிட்டு வரச் சொல்லுங்கள்.