ஸ்டென்ட் வைத்த பிறகு சைக்கிள் ஏறலாமா? – வாசகர் கேள்வி பதில்

நோய் வந்து, சிகிச்சை முடிந்து, மூலையில் சாத்தி வைத்த சைக்கிளைத் திரும்ப எடுக்க நினைப்பவர்கள் சேலம் வட்டாரத்திலிருந்து அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். எப்போது ஏறலாம் என்பதில் உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு. அவரிடம் எதைக் கேட்பது, சைக்கிளில் எதை மாற்றுவது, ரோட்டில் எதைக் கவனிப்பது என்பதற்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: வயது 58. மூன்று மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் (இதய ரத்தக் குழாய் அடைக்காமல் விரித்துப் பிடிக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தார்கள். இப்போது தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன். காலையில் சைக்கிள் ஓட்ட ஆசை. எத்தனை கிலோமீட்டரில் ஆரம்பிக்கலாம்? – வாசகர், கன்னங்குறிச்சி

கிலோமீட்டரில் கணக்குப் போடாதீர்கள், ஐயா. ஒரே 5 கிலோமீட்டரை மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் ஓட்டுவதும் 20 கி.மீ. வேகத்தில் ஓட்டுவதும் இதயத்துக்கு வேறு வேறு வேலை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆக்சிஜனை 1 மெட் என்பார்கள். சமதளத்தில் 12 கி.மீ. வேகத்தில் போனால் ஏறக்குறைய 4 மெட் ஆகும். 20 கி.மீ. வேகத்துக்கு அது 6, 7 மெட் வரை போய்விடும். வேகம் கூடக் கூடக் காற்று தடுப்பதும் கூடுகிறது, அதனால்தான் இந்தத் தாவல்.

முதல் வேலை, டிரெட்மில் பரிசோதனை (டிஎம்டி). மருத்துவரிடம், "சைக்கிள் ஓட்ட அளவு தெரிய வேண்டும்" என்று சொல்லியே எடுங்கள். வழக்கமான மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு எடுக்கலாமா என்று கேளுங்கள். மாத்திரையோடு எடுத்தால்தான் ரோட்டில் உங்கள் உடல் என்ன செய்யும் என்பது தெரியும். அறிக்கையில் 'மெட்ஸ்' என்று ஒரு எண் இருக்கும். 8 என்றிருந்தால் அதில் பாதி, அதாவது 4 மெட்டில் ஆரம்பியுங்கள். மேலே சொன்ன 12 கி.மீ. வேகம் அதுதான். எண் 5 அல்லது அதற்குக் கீழே என்றால் ரோட்டுக்கு வர அவசரம் வேண்டாம். நடையும், கண்காணிப்பில் ஓட்டும் நிலைச் சைக்கிளும் கொஞ்ச நாள் தொடரட்டும். பரிசோதனையின்போது நெஞ்சு வலியோ ஈசிஜியில் மாற்றமோ வந்திருந்தால், அது எந்த நாடித்துடிப்பில் வந்தது என்று எழுதி வாங்குங்கள். அதைவிட 10 குறைவாக உள்ள எண்தான் உங்கள் மேல் வரம்பு.

உச்ச நாடித்துடிப்பு தெரிய 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு உங்களுக்கு உதவாது. மெட்டோபுரோலால், பிசோபுரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். கையில் கட்டிய கடிகாரம் 105 என்றுதானே காட்டுகிறது, இன்னும் மிதிக்கலாம் என்று மிதிப்பதுதான் அடிக்கடி நடக்கிற தப்பு. பேச்சை வைத்துப் பாருங்கள். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் சரியான அளவு. நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டால் அப்போதே குறைக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டினால் போதும். 5 நிமிடம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடை, 10 நிமிடம் ஓட்டம், கடைசி 5 நிமிடம் மிக மெதுவாக மிதிப்பது. அதன் பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி 40 நிமிடத்துக்கு வாருங்கள். அதுவரை வேகத்தைத் தொடவே வேண்டாம். கடைசி 5 நிமிடத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வேகமாக வந்து வாசலில் சட்டென்று நின்றால் தொடையில் விரிந்திருக்கும் நாளங்களிலேயே ரத்தம் தேங்கிவிடும். பிரஷர் மாத்திரையும் சேர்ந்துகொண்டால் இறங்கிய இடத்திலேயே தலை சுற்றும்.

உங்களுக்கு மூக்கனேரிப் பக்கம் வசதி. கோரிமேட்டிலிருந்து அடிவாரம் போகும் ஏற்காடு ரோடு கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் மெல்ல ஏறிக்கொண்டே போகும், ஆகவே முதல் இரண்டு மாதம் வேண்டாம். பிறகு அந்தப் பக்கம் போனாலும் போகும்போது ஏற்றம், வரும்போது இறக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்குனி, சித்திரையில் காலை 7 மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

நெஞ்சில் இறுக்கம், தாடையிலோ கையிலோ இழுக்கும் வலி, குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத மூச்சுத் திணறல் – இதில் எது வந்தாலும் இறங்கி உட்காருங்கள். நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை கொடுத்திருந்தால் உட்கார்ந்தபடிதான் வைக்க வேண்டும். அது பிரஷரைச் சட்டென்று இறக்கும், நின்றால் விழுந்துவிடுவீர்கள். ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. 5 நிமிடத்தில் அடங்காவிட்டால் 108. பக்கம்தானே, மெதுவாக மிதித்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

கேள்வி: 10 வருடமாகத் திண்ணையில் நிற்கும் கம்பி பிரேக் சைக்கிள். ஓவராலிங் செய்தால் போதுமா? இந்த வயதில் புதிதாக கியர் சைக்கிள் வாங்க வேண்டுமா? – வாசகர், அம்மாபேட்டை

சமதளத்துக்குப் பழைய சைக்கிளே போதும், ஆனால் அதன் கியர் உங்களுக்குப் பெரிது. முன் செயின் வீலில் பல்லை எண்ணுங்கள், பெரும்பாலும் 44 இருக்கும். பின் ஃப்ரீவீலில் 18. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் சுமார் 5.4 மீட்டர் ஓடும். வாலிபத்தில் சரி, புறப்படும்போது ஒவ்வொரு தடவையும் முட்டியையும் மூச்சையும் சேர்த்துப் பிடிக்கும். பின்னால் 22 பல் ஃப்ரீவீல் போடச் சொல்லுங்கள். ஒரு சுற்றுக்கு 4.4 மீட்டராகக் குறையும், மிதி உடனே லேசாகும். 4 பல் கூடுவதால் செயினும் ஒரு அங்குலம் நீளம் கேட்கும்: ஒரு அங்குலத் துண்டைச் சேர்க்கலாம், இல்லையென்றால் பின் சக்கரத்தை அரை அங்குலம் முன்னால் தள்ளலாம். முழு செயின் கவர் இருந்தால் புதிய ஃப்ரீவீல் கவரில் உரசுகிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது காட்டர் பின், அதாவது பெடலைத் தாங்கும் கிராங்க்கை நடு அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் ஆணி. பெடல் மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'டக்' என்றால் காட்டர் பின் தேய்ந்திருக்கிறது. அந்தச் சின்ன உதறல் ஒவ்வொரு சுற்றிலும் முட்டியில் போய் இறங்கும். இரண்டு பின்னையும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் அடிக்க வேண்டும். ஒரே திசையில் அடித்துவிட்டால் இரண்டு கிராங்க்கும் ஒரே கோட்டில் நிற்காது, ஒரு கால் சற்று முந்தி நிற்கும். கடையிலேயே ஒரு கிராங்க்கைத் தரைக்கு இணையாக நிறுத்தி மற்றதைப் பாருங்கள், கோணல் தெரிந்துவிடும். அச்சுக்குள் உருளும் இரும்புக் குண்டுகளை, அதாவது பழைய பால்ஸைக் கழுவி மறுபடி போட விடாதீர்கள். புதிய பால்ஸும் புதிய கிரீஸும் போட்டால் சக்கரம் தானாகச் சுற்றும். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

டயரின் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு இருந்தால் காற்று நிற்கிறது என்பதற்காக விட்டுவைக்காமல் டயர், டியூப் இரண்டையும் மாற்றுங்கள். பஞ்சரே இல்லாமல் தினமும் காற்று இறங்கினால் பெரும்பாலும் வால்வு டியூப் பொத்துப்போயிருக்கும். காற்று குறைந்த டயரில் ஓட்டுவது தெரியாமலே ஏற்றம் ஏறுவது போல. ரிம் கோட்டம் எடுத்த பிறகே பிரேக் கட்டையை மாற்றுங்கள், அதற்கு முன்பே மாற்றினால் ஒரு பக்கம் உரசும்.

சீட் உயரத்தில்தான் பாதிப் பேர் தப்பு செய்கிறார்கள். உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும் என்று தாழ்த்தி வைப்பதால் முட்டி அதிகம் மடங்கி, சிப்பியின் பின்னால் வலிக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, குதிகாலைப் பெடலின் அடி நிலையில் வையுங்கள். கால் நேராக நிற்க வேண்டும். முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முட்டியில் லேசான மடிப்பு மீதி இருக்கும், அதுதான் அளவு. பழகியவர்களுக்கு இது உயரமாகத் தோன்றும், எனவே ஒரே நாளில் ஏற்றாமல் சில நாளுக்கு ஒரு தடவை அரை சென்டிமீட்டர் ஏற்றுங்கள். கால் விரல் நுனியாவது தரையைத் தொட வேண்டும், அதற்கு மேல் போக வேண்டாம். ஹேண்டில் பார் சீட் மட்டத்திலோ அதற்கு மேலோ இருக்கட்டும்.

கேள்வி: வயது 63. வலது முட்டி மாற்று அறுவை சிகிச்சை ஆகி இரண்டு மாதம். சைக்கிளில்தான் எப்போதும் மார்க்கெட்டுக்குப் போவேன். இனி முடியுமா? – வாசகி, செவ்வாய்ப்பேட்டை

முடியும், அம்மா. பெடலை முழுச் சுற்று சுற்ற முட்டி ஏறக்குறைய 110 டிகிரி மடங்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட்டிடம் இப்போது எத்தனை டிகிரி என்று கேளுங்கள். முதலில் நிலைச் சைக்கிள்தான், அதுவும் சீட்டை வழக்கத்தைவிட உயர்த்தி வைத்து. முழுச் சுற்று வராவிட்டால் இடுப்பைத் தூக்கி வளைத்துச் சுற்றக் கூடாது. தொட்டில் ஆட்டுவது போல அரைச் சுற்று முன்னும் பின்னுமாக ஆட்டுங்கள். பலருக்கு முழுச் சுற்று முதலில் பின்பக்கமாகத்தான் வரும், முன்பக்கம் அதற்குப் பிறகு. சுற்றிய மறுநாள் முட்டி வீங்கிச் சூடாக இருந்தால் நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

ரோட்டுக்கு வருவது பொதுவாக மூன்று மாதத்துக்குப் பிறகு, மருத்துவர் சரி என்றால். நடுக்கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிள்தான் வேண்டும் (முட்டி மாற்றிய ஆண்களுக்கும் இதையே சொல்வோம், வெட்கப்பட ஒன்றுமில்லை). நல்ல காலில் நின்று, ஆபரேஷன் ஆன காலை நடுவில் நுழையுங்கள். நிற்கும்போது ஊன்றுவது எப்போதும் இடது கால். உங்களுக்கு அது நல்ல கால், ரோட்டு ஓரமும் அந்தப் பக்கம்தான். ஏறுவதைவிட இறங்குவதை முதலில் பழகுங்கள், காலி மைதானத்தில் 20 தடவையாவது. காய்கறிப் பையை ஹேண்டிலில் மாட்டாமல் கேரியரில் கட்டுங்கள்.

கேள்வி: பைபாஸ் ஆகி ஆறு வாரம். கால் நன்றாக இருக்கிறது, ஓட்டலாமா? – வாசகர், சூரமங்கலம்

இப்போது வேண்டாம். கால் தயார்தான், ஆனால் நெஞ்செலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அந்த எலும்பு ஒன்று சேர இரண்டு, மூன்று மாதம் ஆகும். ஹேண்டிலை இழுப்பது, சைக்கிளைப் படியில் தூக்குவது, குழியில் விழும் அதிர்ச்சி மூன்றும் அதற்கு ஆகாது. நெஞ்சில் 'கிளிக்' என்று அசைவு தெரிந்தால் உடனே காட்டுங்கள். அதுவரை கையை ஊன்றாமல் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் நிலைச் சைக்கிள், அதுவும் உங்கள் மருத்துவர் அனுமதித்தால்.

கேள்வி: சர்க்கரைக்கு கிளிமெபிரைடு சாப்பிடுகிறேன். வெறும் வயிற்றில் ஓட்டினால் கை நடுங்குகிறது. – வாசகர், ஆத்தூர்

அந்த நடுக்கம் தாழ்சர்க்கரையாக இருக்கலாம். ஏறும் முன் விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பாருங்கள்; 100க்குக் கீழே என்றால் ஒரு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து ஏறுங்கள். சட்டைப் பையில் 15 கிராம், அதாவது 3 டீஸ்பூன் குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்க வேண்டும். நடுங்கினால் நிறுத்தி அதைச் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். நாடித்துடிப்பைப் பிடித்து வைக்கும் இதய மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுபவர்களுக்குப் படபடப்பு தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் வரும். பாதம் மரத்திருந்தால் செருப்போடு ஓட்டாதீர்கள், ஷூ வேண்டும். இறங்கியதும் பாதத்தைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வயது 54. ஸ்டென்ட் வைத்து ஒன்றரை வருடம். சமதளத்தில் ஒரு மணி நேரம் சிரமமில்லாமல் ஓட்டுகிறேன். முன்பு போல ஏற்காடு ஏற முடியுமா? – வாசகர், அஸ்தம்பட்டி

உங்கள் ஆசை எங்களுக்குப் புரிகிறது, அதனால் கணக்கோடு சொல்கிறோம். சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. அடிவாரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. சராசரி ஏற்றம் 5 சதவீதத்தை ஒட்டி என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 70 கிலோ, சைக்கிள் 15 கிலோ. கியர் இல்லாத 44–18 சைக்கிளில், விழாமல் இருக்க நிமிடத்துக்கு 40 சுற்றாவது மிதிக்க வேண்டும். அது 13 கி.மீ. வேகம், சுமார் 10 மெட் வேலை. குறைத்து மிதிக்க வழியே இல்லை, நிறுத்தத்தான் முடியும். முன்னால் 24 பல், பின்னால் 34 பல் உள்ள கியர் சைக்கிளில் நிமிடத்துக்கு 60 சுற்று நிதானமாகச் சுற்றினால் 5 கி.மீ. வேகம், சுமார் 5 மெட். ஒரே மலை, பாதி பாரம்.

ஆனால் அந்த 5 மெட்டை 4 மணி நேரம் தாங்க வேண்டும். நீண்ட நேர வேலைக்கு உச்சத்தில் பாதி என்பதே பாதுகாப்பான கணக்கு. ஆகவே டிஎம்டியில் 10 மெட், வலியோ ஈசிஜி மாற்றமோ இல்லாமல் வந்திருந்தால்தான் முழு மலையையும் யோசிக்கலாம். 8 வந்திருந்தால் இரண்டு வளைவு ஏறித் திரும்புங்கள். அதை ஒரு மாதம் செய்து, மருத்துவரிடம் காட்டிவிட்டு அடுத்த இரண்டு. தனியாகப் போக வேண்டாம். மலையில் சில இடத்தில் செல்போன் சிக்னல் விட்டுப் போகும்.

ஏற்றத்தைவிட இறக்கம் எங்களுக்குக் கவலை. ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் சாப்பிடுபவர்களுக்குக் கீறல் பட்டாலே ரத்தம் நிற்க நேரமாகும். சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். அதற்குப் பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது, ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். தலையில் அடிபட்டால் ஒன்றும் தெரியாவிட்டாலும் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான். ஹெல்மெட் இல்லாமல் மலைக்குப் போக வேண்டாம். கம்பி பிரேக் சைக்கிளும் வேண்டாம், ஈரமான இரும்பு ரிம்மில் அது பிடிக்காது. இறங்கும்போது பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்னாலேயே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிடுங்கள். ஏறி வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிடுங்கள்.

குரங்குகள் பையைக் குறிவைத்துத்தான் வரும். தின்பண்டத்தை வெளியில் தெரிய மாட்டாதீர்கள். மேலே போனதும் நனைந்த பனியனை மாற்றுங்கள். வியர்வையோடு இறங்கினால் எதிர்காற்றில் கை விறைத்து பிரேக் பிடிக்க வராது. மாற்று உடை மறந்துவிட்டால், ஏற்காட்டில் ஒரு செய்தித்தாள் வாங்கி மடித்து சட்டைக்குள் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.