அழகுக்கு நோக்கம் உண்டா? காண்ட் குறித்த கேள்வி பதில்

ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட் 1790இல் வெளியிட்ட ‘தீர்ப்பாற்றல் பற்றிய விமரிசனம்’ என்ற நூலின் முதல் பாதி, அதாவது அழகைப் பற்றிய பகுதி, குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன். முன்னதாக ஒரு வேண்டுகோள்: காண்டின் வாய்பாடுகளை மனப்பாடம் செய்துகொண்டு அவருடைய எடுத்துக்காட்டுகளைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அழகியல் என்ற துறையைத் தொடங்கியவர் காண்ட்தானா?

இல்லை. ‘ஈஸ்தெட்டிக்ஸ்’ என்ற பெயரை இத்துறைக்குச் சூட்டியவர் பௌம்கார்ட்டன் என்ற ஜெர்மன் தத்துவவாதி. 1735இல் ஓர் ஆய்வேட்டில் முன்வைத்த அப்பெயரிலேயே 1750இல் லத்தீனில் ஒரு நூலின் முதல் தொகுதியையும் வெளியிட்டார். அழகை மதிப்பிட அறிவார்ந்த விதிகள் வகுக்க முயல்வது வீண் என்று 1781இல் ஓர் அடிக்குறிப்பில் ஒதுக்கியவர் காண்ட். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் அவரே அதைப் பற்றி நூல் எழுதினார்.

கேள்வி: அழகு அவரவர் விருப்பம். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

‘கனேரித் தீவின் ஒயின் இனியது’ என்று ஒருவர் சொல்லும்போது, ‘உங்களுக்கு இனியது என்று சொல்லுங்கள்’ என்று நாம் திருத்தினால் அவர் தயங்காமல் ஏற்றுக்கொள்வார். ஆனால் ஒரு கட்டடத்தையோ கவிதையையோ காட்டி ‘இது எனக்கு மட்டும் அழகு’ என்று ஒருவர் சொன்னால் அது நகைப்புக்குரியது என்கிறார் காண்ட். அழகு என்று சொல்லும் கணத்திலேயே எல்லாருடைய உடன்பாட்டையும் நாம் கோருகிறோம். அந்தக் கோரிக்கையைச் சான்று காட்டி நிறுவவும் முடியாது, கைவிடவும் முடியாது. விவாதம் அதனால்தான் ஓய்வதில்லை.

கேள்வி (முதுகலை மாணவி): அழகைப் பற்றிக் காண்ட் சொல்லும் ‘நோக்கமற்ற நோக்குடைமை’ என்றால் பயனற்றது என்றுதானே பொருள்?

அன்று. ஒரு பொருளின் உறுப்புகள், யாரோ ஒரு கருத்தை மனத்தில் கொண்டு அமைத்தவை போல ஒன்றோடொன்று இயைந்து நிற்கின்றன. ஆயினும் அது எதற்காக என்று சொல்லும் கருத்து எதுவும் நம் இன்பத்துக்கு அடிப்படையாக இல்லை. நம் கற்பனையும் அறிவும் ஒரு முடிவில் போய்க் கட்டுப்படாமல் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே இருக்கின்றன. இதைத்தான் அந்தத் தொடர் குறிக்கிறது. பயன் உள்ளதா இல்லையா என்பது வேறு கேள்வி.

17ஆம் பிரிவின் இறுதியிலுள்ள அடிக்குறிப்பைப் பாருங்கள். பழைய புதைமேடுகளில் கிடைக்கும் கல் கருவிகளில், கைப்பிடி செருகுவதற்குப் போல ஒரு துளை இருக்கிறது. எதற்கான கருவி என்பது நமக்குத் தெரியாது. எனினும் ஏதோ ஒரு நோக்கத்துக்காகச் செய்யப்பட்டது என்று எண்ணிவிடுகிறோம், ஆகவே அதை அழகு என்பதில்லை. டூலிப் மலரைப் பார்க்கும்போது அவ்வாறு எந்த நோக்கத்தையும் தேடுவதில்லை. இந்த இரண்டையும் அருகருகே வைத்தால் தொடரின் பொருள் தெளிவாகும்.

கேள்வி (தாவரவியல் ஆசிரியர்): மலர் இனப்பெருக்க உறுப்பு. நோக்கம் இல்லை என்று எப்படிச் சொல்லலாம்?

மலருக்கு நோக்கம் இல்லை என்று காண்ட் சொல்லவில்லை. தாவரவியலாளர் மலரை இனப்பெருக்க உறுப்பு என்று அறிந்திருந்தாலும், சுவையால், அதாவது அழகை உணரும் திறனால், மதிப்பிடும்போது அவரும் அதைக் கருத்தில் கொள்வதில்லை என்று 16ஆம் பிரிவில் எழுதியிருக்கிறார். உங்கள் மறுப்புக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

கேள்வி (தொல்லியல் பயின்றவர்): பல்லாவரத்தில் 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்ததைப் போன்ற பழங்கற்காலக் கைக்கோடரிகள், கருவி என்று தெரிந்தும், எனக்கு அழகாகவே தெரிகின்றன. காண்டின் அடிக்குறிப்பு தவறு.

நல்ல அடி. அதே 16ஆம் பிரிவில், நோக்கத்தை அறியாதவர் மட்டுமல்லாமல் அதை ஒதுக்கிவைத்துப் பார்ப்பவரும் தூய சுவைத்தீர்ப்பை (நோக்கத்தைக் கருதாமல் ‘இது அழகு’ என்று சொல்லும் தீர்ப்பை) வழங்கலாம் என்று காண்ட் இடமளிக்கிறார். நீங்கள் கோடரியை மறந்து வடிவத்தைப் பார்த்திருக்கிறீர்கள்.

அவரே மீண்டும்: அப்படியானால் கல்லுக்கும் டூலிப்புக்கும் வேறுபாடே இல்லையே?

பொருளில் இல்லை, பார்வையில்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். கருவியாகக் காணும்வரை அந்தத் தூய தீர்ப்பு தடைபடும் என்பதை மட்டுமே அடிக்குறிப்பு நிறுவுகிறது. அந்தக் கல் ஒருநாளும் அழகாகத் தெரியாது என்பதை நிறுவவில்லை. மாணவிக்கு நான் அளித்த விளக்கம் இதில் கொஞ்சம் மிகைப்பட்டதுதான்.

கேள்வி: பயனில்லாததுதான் அழகு என்கிறார் காண்ட், சரியா?

மேலே உள்ள மூன்றாவது பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ரசக் கோட்பாட்டோடு ஒப்பிட முடியுமா?

அது என் துறை அன்று. சமஸ்கிருதக் கவிதையியல் கற்றவரைக் கேளுங்கள்.

கேள்வி: அழகே உண்மை என்று ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் பாடவில்லையா?

பாடினார். காண்ட் அதை ஏற்கமாட்டார். அவரைப் பொறுத்தவரை சுவைத்தீர்ப்பு பொருளைப் பற்றிய எந்த அறிவையும் தருவதில்லை. கலையை உண்மையோடு பிணைத்தவர்கள் பின்னால் வந்த ஜெர்மன் தத்துவவாதிகள் ஹெகலும் ஹைடெகரும். ஆனாலும் 42ஆம் பிரிவில் உண்மை வேறொரு வாயில் வழியாக நுழைகிறது. விடுதிக்காரர் ஒருவர், விருந்தினரை மகிழ்விக்க ஒரு பையனைப் புதரில் மறைத்து நாணல்குழலால் இராப்பாடிப் பறவையைப் (நைட்டிங்கேல்) போலக் குரல் எழுப்பச் செய்கிறார். ஏமாற்று என்று தெரிந்ததும், அதுவரை இனித்த அந்தப் பாட்டை யாராலும் நெடுநேரம் கேட்கமுடிவதில்லை. காதுக்கு வந்த ஒலி மாறவில்லை. இயற்கையின் அழகில் நமக்குள்ள ஈடுபாடு, அது இயற்கைதான் என்ற நம்பிக்கையைச் சார்ந்திருக்கிறது என்பதே காண்டின் விளக்கம். இதைப் படிக்காமல் தாண்டிச் சென்றவர்கள்தான் அவரை வெறும் வடிவவாதி, அதாவது வடிவத்தை மட்டுமே கருதியவர், என்று எழுதுகிறார்கள்.

கேள்வி: ‘கலை கலைக்காகவே’ என்பது காண்டின் தொடரா?

இல்லை. அந்த முழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் பரவியது.

கேள்வி: நோக்கமற்றது என்றால் பயனற்ற…

மூன்றாவது பதில்.

தொல்லியல் பயின்றவர்: கடைசியாக ஒன்று. சில கைக்கோடரிகளின் சமச்சீர், வெட்டுவதற்குத் தேவையானதைவிட மிகுதியாகத் தெரிகிறது. செய்தவரே அழகை நோக்கமாகக் கொண்டிருந்தால் உங்கள் ‘நோக்கமற்ற’ என்ற சொல் என்னவாகும்?

அதற்கு 45ஆம் பிரிவுக்குப் போகவேண்டும். கலைப்படைப்பு கலை என்று நமக்குத் தெரிந்திருக்கவேண்டும், ஆயினும் இயற்கையைப் போலத் தோன்றவேண்டும். அதன் இயைபு எண்ணிச் செய்யப்பட்டதாயினும் எண்ணிச் செய்ததாகத் தோன்றக்கூடாது என்கிறார் காண்ட். எனவே செய்தவருக்கு நோக்கம் இருந்ததால் அழகு கெட்டுவிடாது; வேலையில் விதிகளின் சுவடு துருத்தித் தெரிந்தால்தான் கெடும். அந்தக் கல்லைச் செதுக்கியவர் அழகை நாடினாரா என்பதை உங்கள் துறைதான் சொல்லவேண்டும், காண்டிடம் அதற்கு விடை இல்லை.